இணைப் பறப்பு

இணைப் பறப்பு என்பது, பயிற்சி பெற்ற வானோடி ஒருவரும் பறக்கும் பயிற்சி இல்லாத பயணி ஒருவரும் ஒரே இறக்கையில் தொங்கியபடி, பொறியின் உதவியின்றிப் பறந்து தரையிறங்குவதைக் குறிக்கும். பாராகிளைடிங், ஹாங் கிளைடிங் ஆகிய இரண்டு வான் விளையாட்டுகளிலும் இம்முறை உண்டு. சுற்றுலாவின்போது இவ்விளையாட்டுகளை முதன்முறையாக முயன்று பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இவ்வாறே பறக்கின்றனர். இறக்கையை இயக்குபவர் வானோடியே. எனினும் புறப்படும்போது சொன்னபடி ஓடுதல், வார்கள் பூட்டப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல், காற்று ஒவ்வாத நாளில் பறக்காதிருத்தல் ஆகிய மூன்றும் பயணியையும் சார்ந்தவையாக உள்ளன.

பெயரும் வேறுபாடும்

ஒத்த ஒலியுடைய பெயர்களால் சில விளையாட்டுகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் புரிந்துகொள்ளப்படுவது உண்டு.

- பாராகிளைடிங்: துணியால் ஆன, சட்டம் ஏதும் இல்லாத இறக்கையின் கீழ், கயிறுகளில் தொங்கும் இருக்கையில் அமர்ந்து பறத்தல்.
- ஹாங் கிளைடிங்: அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட பாய்த்துணி இறக்கையின் கீழ், குப்புறப் படுத்த நிலையில் தொங்கிப் பறத்தல்.
- பாராசெய்லிங்: கடற்கரைகளில் படகு ஒன்றினால் கயிறு கட்டி இழுக்கப்படும் வான்குடையில் தொங்குதல். இதில் பயணி தானாகப் பறப்பதில்லை. படகு நின்றால் வான்குடை இறங்கிவிடும்.
- பாராமோட்டார்: பாராகிளைடிங் இறக்கையுடன், முதுகில் சுமக்கும் சிறு பொறியும் சுழல்விசிறியும் கொண்டு பறத்தல்.
- வான்குடைக் குதிப்பு: வானூர்தியில் இருந்து குதித்த பின்னர் வான்குடையை விரித்து இறங்குதல்.

இவற்றுள் முதல் இரண்டு மட்டுமே இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

வரலாறு

செருமனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியந்தால் 1890களில் தாமே செய்த மிதவைகளில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தி எடையை மாற்றுவதன் மூலமே அவர் மிதவையைக் கட்டுப்படுத்தினார். 1896 ஆகத்து 9 ஆம் நாள் நிகழ்ந்த விபத்தில் காயமுற்று மறுநாள் இறந்தார். உடல் எடையை நகர்த்தித் திருப்பும் இம்முறை இன்றும் ஹாங் கிளைடிங்கின் அடிப்படையாக உள்ளது.

அமெரிக்கப் பொறியாளரான பிரான்சிஸ் ரொகல்லோ, தம் மனைவி கெர்ட்ரூடுடன் இணைந்து 1948 இல் நெகிழ்வான துணி இறக்கை ஒன்றை உருவாக்கினார். விண்கலங்களைத் தரையிறக்க இது பயன்படுமா என்று நாசா பின்னர் ஆய்வு செய்தது. 1963 இல் ஆத்திரேலியாவின் கிராப்டன் நகரில் ஜான் டிக்கென்சன், நீர்ச்சறுக்கு விளையாட்டுக்காக இத்தகைய இறக்கையில் முக்கோணப் பிடிசட்டம் ஒன்றைப் பொருத்தினார். இன்றைய ஹாங் கிளைடரின் வடிவம் இதிலிருந்து வளர்ந்தது. 1970களில் இவ்விளையாட்டு பல நாடுகளுக்கும் பரவியது.

பாராகிளைடிங் இதற்குப் பிற்பட்டது. டொமினா ஜால்பர்ட் 1964 இல் உருவாக்கிய, முன்புறத் திறப்புகள் வழியாகக் காற்று புகுந்து உப்பும் அறைகள் கொண்ட துணி இறக்கையே இதன் மூலம் ஆகும். 1965 இல் டேவிட் பாரிஷ் தமது துணி இறக்கையுடன் மலைச்சரிவுகளில் பறந்து பார்த்தார். 1978 இல் பிரான்சு நாட்டின் மியசி என்னும் ஊரில் ழான்-குளோட் பெதாம், ஆந்த்ரே போன், ழெரார் போசோன் ஆகிய மூன்று வான்குடை வீரர்கள், வானூர்திக்குச் செலவிடாமல் குதித்துப் பழகும் நோக்கில், மலைச்சரிவில் ஓடித் தம் வான்குடைகளுடன் பறந்தனர். பாராகிளைடிங் தனி விளையாட்டாக வளர்ந்ததற்கு இந்நிகழ்வே தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

கருவிகள்

பாராகிளைடரின் இறக்கை நெருக்கமாக நெய்த நைலான் துணியால் ஆனது. காற்று உள்ளே புகுந்து நிற்கும் வரையில்தான் அதற்கு வடிவம் உண்டு. இறக்கையில் இருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள் பட்டைகளில் இணைகின்றன. பட்டைகள் காரபினர் எனப்படும் பூட்டுக் கொக்கிகள் மூலம் வாரிருக்கையுடன் பிணைக்கப்படுகின்றன. இணைப் பறப்பில் பயணி முன்னாலும் வானோடி அவருக்குப் பின்னாலும் அமர்கின்றனர். இருவரின் எடையையும் தாங்க வேண்டியிருப்பதால் இணை இறக்கையின் பரப்பு 40 சதுர மீட்டர் அளவில் உள்ளது. ஒருவர் பறக்கும் இறக்கை இதைவிட மிகச் சிறியது. வாரிருக்கையின் அடியில் மோதலைத் தாங்கும் மெத்தையோ காற்றுப்பையோ இருக்கும். இருவரையும் தாங்கக்கூடிய அவசர வான்குடை ஒன்றும் உடன் இருத்தல் வேண்டும்.

ஹாங் கிளைடரின் எடை பெரும்பாலும் 25 முதல் 35 கிலோகிராம் வரை இருக்கும். இதில் வானோடியும் பயணியும் அருகருகாகவோ ஒருவருக்கு மேல் ஒருவராகவோ கிடைமட்டமாகத் தொங்குகின்றனர். சட்டம் இருப்பதால் காற்றின் குலுக்கலில் இறக்கை மடங்குவதில்லை. பாராகிளைடரைவிட வேகமாகவும் பறக்க இயலும். ஆனால் தரையிறங்குவதற்கு அதிக இடம் தேவைப்படும். ஒரு முதுகுப்பையில் அடங்கும் பாராகிளைடரைப் போல இதனை எளிதில் எடுத்துச் செல்லவும் முடியாது. சுற்றுலா இடங்களில் பாராகிளைடிங் பெருகியதற்கு இது முதன்மையான காரணம் ஆகும்.

பறக்கும் முறை

பொறியற்ற இறக்கை எப்போதும் தன்னைச் சூழ்ந்த காற்றினூடாகக் கீழ்நோக்கியே சரிகின்றது. இணைப் பாராகிளைடர் ஒரு மீட்டர் உயரம் இழக்கும்போது ஏறத்தாழ 8 மீட்டர் முன்னே செல்லும். நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவில் உயரம் குறையும். எனவே 800 மீட்டர் உயரத்தில் இருந்து புறப்படும் பறப்பு, மேலெழும் காற்று கிடைக்காவிட்டால் 11 நிமிடம் அளவில் முடிந்துவிடும். முதல் பறப்பு எதிர்பார்த்ததைவிட விரைவில் முடிந்தது என்று பயணிகள் கருதுவதற்கு இதுவே காரணம்.

காற்று மேலே எழும் இடத்தில் அதன் வேகம் இறக்கை சரியும் வேகத்தைவிட மிகுந்திருந்தால் இறக்கை உயரும். இது இரு வகைகளில் நிகழ்கின்றது.

- சரிவு எழுகாற்று: காற்று மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்புவதால் உண்டாவது. இதில் மலைமுகட்டை ஒட்டி அங்கும் இங்கும் பறந்து உயரத்தைக் காக்கலாம்.
- வெப்ப எழுகாற்று: வெயிலால் சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று தூண் போல எழுவதால் உண்டாவது. இது தெர்மல் எனப்படும். பருந்துகள் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்வது இக்காற்றினாலேயே. வானோடிகளும் அவ்வாறே வட்டமிடுகின்றனர்.

காலையில் காற்று பொதுவாக அமைதியாக இருக்கும். அப்போது பறப்பு குலுக்கலின்றியும் குறுகியதாகவும் அமையும். நண்பகலை ஒட்டி வெப்ப எழுகாற்று வலுப்பதால் நெடுநேரம் பறக்கலாம். ஆனால் குலுக்கல் மிகும். தொடர்ந்து வட்டமிடுவதால் பேருந்துப் பயணத்தில் குமட்டல் காண்போர்க்கு இங்கும் குமட்டல் உண்டாகலாம். ஆகவே அமைதியான பறப்பை விரும்பும் புதியவர்க்குக் காலை நேரமே ஏற்றது.

பறப்பின் படிகள்

வாரணிதல்

பயணிக்குத் தலைக்கவசமும் வாரிருக்கையும் அணிவிக்கப்படும். வாரிருக்கையில் மார்புக்கு ஒன்றும், இரு தொடைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்றும் என வார்கள் உள்ளன. இவற்றுள் தொடைவார்களே உயிர்காப்பவை. மார்புவார் மட்டும் பூட்டப்பட்டிருந்தால், தரையில் நிற்கும்போது குறை எதுவும் தெரியாது. கால் தரையை விட்டு நீங்கியதும் பயணி வாரிருக்கையினூடாகக் கீழே நழுவக்கூடும்.

ஓட்டம்

வானோடி இறக்கையைக் காற்றுக்கு எதிராகத் தலைக்கு மேல் எழுப்புகின்றார். அப்போது பின்னோக்கி ஓர் இழுப்பு உணரப்படும். வானோடி கட்டளையிட்டதும் பயணி சரிவை நோக்கி நடந்து, பின்னர் ஓட வேண்டும். இறக்கை இருவரையும் தூக்குவதற்கு அதற்கு வேகம் தேவை. அவ்வேகத்தில் ஒரு பகுதியைத் தருபவை பயணியின் கால்களே. ஆகவே கால் தரையில் படாத நிலையிலும் ஓடுவதை நிறுத்தலாகாது.

புதியவர்கள் இங்கே செய்யும் பொதுவான பிழைகள் மூன்று. சரிவின் விளிம்பைக் கண்டு நின்றுவிடுதல், ஓட்டத்தின் நடுவே குதித்தல், இருக்கை தாங்கும் என எண்ணி உட்கார்ந்துவிடுதல் என்பன அவை. மூன்றினாலும் வேகம் குறைந்து, இறக்கை பறக்கும் நிலையை அடையாமல் இருவரும் சரிவில் இழுபட நேரிடும்.

இமயமலைப் பகுதியில் கட்டளைகள் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். இந்தி அறியாத பயணி "ஓடு", "நில்", "கால்களைத் தூக்கு" ஆகிய மூன்றுக்கும் வானோடி பயன்படுத்தும் சொற்களை முன்னரே கேட்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்துக் கொள்வது நலம். ஓடும் நேரத்தில் பொருள் கேட்பதற்கு வாய்ப்பில்லை.

பறத்தல்

பறக்கத் தொடங்கியதும் வானோடியின் உதவியுடன் பயணி இருக்கையில் பின்சாய்ந்து அமர்கின்றார். கயிறுகளையோ பட்டைகளையோ காரணமின்றிப் பிடித்து இழுக்கக் கூடாது. சமதரையில் இருந்து இழுவைக் கயிற்றின் மூலம் புறப்படும் வகையும் உண்டு. ஹாங் கிளைடர்களைச் சிறு வானூர்தியால் இழுத்து உயரத்தில் விடுவிப்பதும் வழக்கில் உள்ளது. இதில் பயணி ஓட வேண்டியதில்லை.

உயரமான கட்டடத்தின் விளிம்பில் அஞ்சுவோர் பலர் பறப்பின்போது அவ்வச்சத்தை உணர்வதில்லை. காலடியில் இருந்து தரைவரை தொடரும் சுவர் போன்ற எதுவும் கண்ணுக்குத் தெரியாமையே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது.

தரையிறக்கம்

காற்றை எதிர்நோக்கியே தரையிறங்குவர். பாராகிளைடிங்கில் பயணி கால்களை நீட்டித் தூக்கிக்கொள்ளவோ, எழுந்து நின்று சில அடிகள் ஓடவோ கேட்டுக்கொள்ளப்படுவார். எது என்பதை வானோடியே முடிவு செய்வார். தரை நெருங்கும்போது ஒரு காலை மட்டும் முன்னே நீட்டி ஊன்ற முயல்வது கணுக்கால் முறிவுக்கு வழிவகுக்கும்.

பாதுகாப்பு

பூட்டப்படாத வார்

இணைப் பறப்பு விபத்துகளில் மிகக் கொடியதும், மிக எளிதாகத் தவிர்க்கக் கூடியதும் பயணியை இறக்கையுடன் பூட்ட மறந்துவிடுதல் ஆகும். 2018 இல் சுவிட்சர்லாந்தில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவரின் முதல் ஹாங் கிளைடிங் பறப்பில், அவருடைய வார் இறக்கையுடன் இணைக்கப்படாமலேயே வானோடி புறப்பட்டுவிட்டார். பயணி பிடிசட்டத்தையும் வானோடியையும் கைகளால் பற்றியபடி இரண்டு நிமிடங்களுக்கு மேல் தொங்கினார். தரைக்கு அருகில் விழுந்து மணிக்கட்டு முறிந்தாலும் உயிர் பிழைத்தார்.

எல்லோரும் இவ்வாறு பிழைப்பதில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் குலு பகுதியில் 2019 நவம்பரில், சென்னையில் இருந்து தேனிலவுக்குச் சென்றிருந்த இளைஞர் ஒருவர் பாராகிளைடிங்கின்போது விழுந்து இறந்தார். வார் கழன்றதாகச் செய்திகள் தெரிவித்தன. 2024 பிப்ரவரியில் அதே பகுதியில் தெலங்கானாவைச் சேர்ந்த பெண் பயணி ஒருவர் விழுந்து இறந்தார். அவருடைய வார் சரியாகப் பூட்டப்படவில்லை என்பது முதற்கட்ட விசாரணையில் தெரிவிக்கப்பட்டது.

ஹாங் கிளைடிங்கில் ஓடுவதற்கு முன் பயணியும் வானோடியும் இறக்கையில் ஒருமுறை முழு எடையுடன் தொங்கிப் பார்ப்பது முறையான நடைமுறை ஆகும். பாராகிளைடிங்கில் இரு தொடைவார்கள், மார்புவார், இருபுறக் காரபினர்கள் என ஐந்தையும் பயணி தம் கையால் தொட்டு எண்ணிப் பார்க்கலாம். இதற்குச் சில நொடிகள் போதும். இதனைச் செய்ய வேண்டும் என்று கேட்பது வானோடியை ஐயுறுவது ஆகாது. நாளுக்குப் பலமுறை ஒரே செயலைச் செய்பவர்க்கே மறதி எளிதில் நேர்கின்றது.

வானிலை

இணைப் பாராகிளைடரின் வேகம் காற்றினூடாக மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் அளவில் உள்ளது. எதிர்க்காற்றும் இதே வேகத்தை அடைந்தால் இறக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு மேல் வீசினால் பின்னோக்கித் தள்ளப்படும். மலைக்குப் பின்னால் இருந்து வீசும் காற்று, மழை, திடீர் வன்காற்று என்பனவும் பறப்பதற்கு ஒவ்வாதவை.

இடிமுகில்கள் இவற்றுள் மிகவும் ஆபத்தானவை. 2007 பிப்ரவரியில் ஆத்திரேலியாவின் மனில்லா அருகே, செருமானிய வீராங்கனை ஈவா விஸ்னியெர்ஸ்கா இடிமுகிலால் உறிஞ்சப்பட்டு 9,946 மீட்டர் உயரம் வரை தூக்கிச் செல்லப்பட்டார். நினைவிழந்த நிலையில் பறந்த அவர் பின்னர் உயிருடன் தரையிறங்கினார். அதே நாளில் அதே முகிலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்தார். இருவரும் தேர்ந்த போட்டியாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

உடல்நிலை

கருவுற்றோர், இதய நோய் உள்ளோர், முதுகெலும்பிலோ மூட்டிலோ அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர் பறப்பதைத் தவிர்க்க வேண்டும். எடைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் இறக்கைக்கு இறக்கை மாறுபடும். எடையைக் குறைத்துச் சொல்வது, வானோடி பொருத்தமற்ற இறக்கையைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகும். கணுக்காலைப் பற்றும் காலணி அணிவது நல்லது. பயணக் காப்புறுதிகள் பலவற்றில் வான் விளையாட்டுகள் சேர்க்கப்படாமையால், அதனையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறக்காமல் இருத்தல்

விளையாட்டாகப் பறப்போர், காற்று சரியில்லை எனில் இறக்கையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். சுற்றுலாப் பயணியின் நிலை வேறு. அவருக்குக் கிடைத்துள்ள நாள் ஒன்றே. மறுநாள் ஊர் திரும்புவதற்குச் சீட்டு எடுத்திருப்பார். பணம் செலுத்தியிருப்பார். உடன் வந்தவர்கள் கீழே படம் எடுக்கக் காத்திருப்பர். வானோடிக்கும் பறப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே வருமானம் அமைவது உண்டு. இவ்வாறு இருவருக்கும் பறந்துவிட வேண்டும் என்ற தூண்டுதல் இருக்கும்போது, காற்றைப் பற்றிய மதிப்பீடு தளர்வதற்கு வாய்ப்பு உண்டாகின்றது.

ஆகவே புறப்படுமிடத்தில் பயணி தாமாகக் கவனிக்கக் கூடியவை சில உள்ளன.

- மற்ற வானோடிகள் பறக்கின்றனரா, அல்லது இறக்கைகளை விரிக்காமல் காத்திருக்கின்றனரா என்பது.
- காற்றுக்கூம்பு ஒரே திசையில் நிலையாக நிற்கின்றதா, திசை மாறி மாறி அடித்துக்கொள்கின்றதா என்பது.
- இணைப் பறப்புக்கான உரிமத்தையும், இடத்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதியையும் கேட்டால் வானோடி காட்டுகின்றாரா என்பது.
- அவசர வான்குடை இருக்கின்றதா என்பது.
- வானிலையால் பறக்க இயலாவிட்டால் பணம் திருப்பித் தரப்படுமா என்பது.

2025 சனவரியில் கோவாவின் கேரி பகுதியில் நிகழ்ந்த பாராகிளைடிங் விபத்தில் பெண் பயணியும் வானோடியும் இறந்தனர். அப்பறப்பை நடத்திய நிறுவனம் உரிய அனுமதியின்றி இயங்கியதாகக் காவல் துறை தெரிவித்தது.

இறக்கை எழும்பும் முன்னர் எந்த நிலையிலும் "வேண்டாம்" என்று சொல்லப் பயணிக்கு உரிமை உண்டு. ஓடத் தொடங்கிய பின் அவ்வுரிமை இல்லை. பாதி ஓட்டத்தில் மனம் மாறி நிற்பது, பறப்பதைவிட ஆபத்தானது. எனவே முடிவு ஓட்டத்துக்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும். பறக்க வாய்ப்பிருக்கும் ஊரில் ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு மூன்று நாட்கள் தங்கத் திட்டமிடுவது, ஒவ்வாத நாளை விட்டுவிடுவதை எளிதாக்கும்.

புகழ்பெற்ற இடங்கள்

- பீர்-பில்லிங், இந்தியா: இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் தவுலாதார் மலைத்தொடரின் அடியில் உள்ளது. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலுள்ள பில்லிங்கில் புறப்பட்டு, அதைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்ந்த பீர் ஊரில் இறங்குவர். 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. பருவமழைக் காலத்தில் பறப்பதற்குத் தடை விதிக்கப்படுகின்றது. மழை ஓய்ந்த பின் அக்டோபர், நவம்பர் மாதங்கள் சிறந்தவை.
- காம்சேத், இந்தியா: மகாராட்டிரத்தில் புனேக்கும் மும்பைக்கும் இடையில் உள்ளது. குன்றுகள் தாழ்வானவை ஆகையால் தனியே பறக்கக் கற்போர்க்கு ஏற்றது.
- வாகமண், இந்தியா: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் புல்வெளிக் குன்றுகள் நிறைந்த மலை ஊர். தமிழ்நாட்டில் இருந்து செல்வோர்க்கு அண்மையில் உள்ளது. தமிழ்நாட்டுக்குள் ஏலகிரியிலும் பாராகிளைடிங் நடந்துள்ளது.
- பொக்காரா, நேபாளம்: சாரங்கோட் மலையில் இருந்து புறப்பட்டுப் பேவா ஏரிக்கரையில் இறங்குவர். அன்னபூர்ணா மலைத்தொடர் எதிரே தெரியும்.
- ஓலுதெனிஸ், துருக்கி: கடலை ஒட்டி எழும் பாபாதா மலையின் உச்சி 1,969 மீட்டர் உயரம் கொண்டது. 1,700 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் புறப்பட்டுக் கடற்கரையில் இறங்குவதால் பறப்பு ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கும்.
- இரியோ டி செனீரோ, பிரேசில்: பெத்ரா பொனிட்டா குன்றின் மரத்தளத்தில் இருந்து ஓடிப் புறப்பட்டு, சாவோ கொன்ராடோ கடற்கரையில் இறங்குவர். ஹாங் கிளைடிங் இணைப் பறப்புக்குப் பெயர்பெற்றது.
- ஜாக்கீஸ் ரிட்ஜ், அமெரிக்கா: வட கரோலினாவில் உள்ள மணற்குன்று. 1970களில் இருந்து இங்கு ஹாங் கிளைடிங் கற்பிக்கப்படுகின்றது. புதியவர்கள் பயிற்சியாளர் துணையுடன் முதல் நாளிலேயே சில மீட்டர் உயரத்தில் தனியே பறக்கின்றனர். விழுந்தால் தாங்குவதற்கு மணல் உள்ளது. ரைட் சகோதரர்கள் தம் மிதவைகளைச் சோதித்த கில் டெவில் மணற்குன்றுகள் இதற்கு அண்மையில் உள்ளன.

தனியே பறக்கக் கற்றல்

இணைப் பறப்புக்குப் பின் தாமே பறக்க விரும்புவோர் பயிற்சிப் பள்ளிகளில் சேரலாம். முதற்கட்டப் பயிற்சி பல நாட்கள் நீடிக்கும். இதில் பெரும்பகுதி நேரம் தரையிலேயே கழிகின்றது. சமதரையில் இறக்கையை எழுப்புதல், அதனைத் தலைக்கு மேல் நிலையாக நிறுத்துதல், சரித்து அடக்குதல் ஆகியன திரும்பத் திரும்பப் பழக்கப்படும். பின்னர் சிறு குன்றில் இருந்து தரையை ஒட்டிய குறும்பறப்புகளும், அதன்பின் வானொலிவழி வழிகாட்டலுடன் உயர்ந்த பறப்புகளும் இடம்பெறும்.

உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பு பாராகிளைடிங் பயிற்சிக்கு ஐந்து நிலைகளை வகுத்துள்ளது. தரையை ஒட்டிப் பறத்தல் முதல் நிலையாகவும், நெடுந்தொலைவு கடந்து பறத்தல் ஐந்தாம் நிலையாகவும் உள்ளன. பயணிகளை ஏற்றிப் பறப்பதற்கு இவற்றுக்கு மேலாகத் தனித் தகுதி தேவைப்படுகின்றது.

பயிற்சிப் பள்ளிகளில் காற்று சரியில்லாத நாட்கள் வீணானவையாகக் கருதப்படுவதில்லை. அந்நாட்களில் மாணவர்கள் குன்றின்மேல் அமர்ந்து, பறக்காமல் காற்றைப் பார்க்கக் கற்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

- ஓட்டோ லிலியந்தால்
- மிதவை வானூர்தி
- வான்குடை
- பீர்-பில்லிங்
- வெப்பச் சலனம்